அம்மாவுக்கு அல்சைமர்: செம்பூர் பக்கம் தமிழ் பேசும் துணை தேவை

மும்பை செம்பூரில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 74. சென்ற தீபாவளிக்குப் பிறகு அல்சைமர் என்று உறுதியானது. பகலில் பரவாயில்லை. பொழுது சாய்ந்தால் பதற்றம். புடவைகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்று வாசல் தாழ்ப்பாளை இழுக்கிறார். இந்த நோயில் மாலைநேரக் குழப்பம் வழக்கம்தான் என்கிறார் மருத்துவர். மாத்திரை தொடர்கிறது. இருட்டும் முன்பே விளக்குகளைப் போட்டுவைப்பதில் ஓரளவு பலன் உண்டு.

ஏஜென்சி மூலம் வந்த பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் அம்மாவிடம் மிஞ்சியிருப்பது தமிழ் மட்டும். மராத்தியில் சமாதானம் சொன்னால் அழுகை கூடுகிறது. இப்போது இருப்பவரும் 5 மணிக்குக் கிளம்பிவிடுகிறார். பக்கத்து வீட்டு மாமி முடிந்தவரை பார்த்துக்கொண்டார். அவருக்கே முழங்கால் வலி. அண்ணன் சென்னையிலிருந்து பணம் அனுப்புகிறார், கூடவே அறிவுரையும். அரசின் 14416 மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசினார்கள். எனக்கு மனம் லேசானது, ஆனால் லோக்கல் ரயிலில் நான் வந்து சேரும்வரை அம்மாவுடன் இருக்க ஆள் வேண்டுமே.

செம்பூர், சயான், மாட்டுங்கா பகுதியில் மாலை 5 முதல் 8 வரை உடனிருக்கக்கூடிய, தமிழ் பேசும் பராமரிப்பாளர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?