ரிசப்ஷன் மேடையில பின்லைட் எப்பவும் 1/16-ஆம்!

கும்பகோணம்_கிளிக்: நேத்து ஒரு "மாஸ்டர் கிளாஸ்" வீடியோ பார்த்தேன். மூணு வயர்லெஸ் ஃபிளாஷ் வச்சா, ஜோடிக்குப் பின்னாடி நிக்கிற பின்லைட்டைக் கண்ணை மூடிட்டு 1/16-ல, அதாவது முழு பவர்ல பதினாறுல ஒரு பங்குல வைங்கன்னு ஒருத்தர் அடிச்சு விடுறார். எந்த ஃபிளாஷ்ல? கோடாக்ஸ் கம்பெனியோட ஏடி200 ஃபிளாஷ்ல 1/16-ன்னா 12.5 வாட் செகண்ட் (ஃபிளாஷ் சக்தியோட அளவு). அதே கம்பெனியோட சின்ன ஃபிளாஷ் வி1-ல அஞ்சு கூட வராது. ரெண்டும் ஒண்ணா?

மதுரை_மேடை: தம்பி, அது நான் போட்ட வீடியோதான். பேர் சொல்லியே திட்டலாம். இங்க பாதி மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை ஜொலிக்கிறது நான் வச்ச 1/16-லதான்.

கும்பகோணம்_கிளிக்: ஜொலிக்கல அண்ணே, எரியுது. உங்க தம்ப்னெயில்லயே மாப்பிள்ளைக்கு ரெண்டு காதும் ரத்தச் சிவப்பு.

மதுரை_மேடை: அதுக்குப் பேரு ரிம் லைட், பின்னாடி இருந்து ஓரத்துல விழுற வெளிச்சம். நாலு கல்யாணம் எடுத்துட்டு வந்து பேசுங்க. 1/16தான்.

புதுப்பையன்: அண்ணே, நான் எல்லாத்தையும் டிடிஎல்-லயே, அதாவது ஃபிளாஷ் பவரைக் கேமராவே முடிவு பண்ற ஆட்டோலயே விடுறேன். ஜரிகை பளபளன்னு வந்தா முகம் இருண்டுடுது. மேனுவல் போகவா?

கும்பகோணம்_கிளிக்: போங்க. ஜோடி நிக்கிற இடம் மாறப்போறதில்ல. முதல்ல ஃபிளாஷை எல்லாம் அணைச்சுட்டு, பின்னாடி எல்இடி வால் வெளுக்காத மாதிரி கேமராவை ஐஎஸ்ஓ 800, எஃப்4, ஷட்டர் 1/100 பக்கம் பிடிங்க. அப்புறம் முன்லைட். கடைசியாத்தான் பின்லைட். சொந்தக்காரங்க 15 பேர் ஏறினா லைட்டைத் தள்ளி வைங்க. லைட்ல இருந்து 2 மீட்டர்ல நிக்கிற சித்தப்பாவுக்கு, 4 மீட்டர்ல நிக்கிற அத்தையை விட நாலு மடங்கு வெளிச்சம் விழும். அதை 1/16 சரி பண்ணாது.

மதுரை_மேடை: பண்ணும். நான் பண்ணியிருக்கேன்.

வீடியோ_அண்ணன்: நீங்க 1/16-க்கு அடிச்சுக்குங்க. உங்க ஃபிளாஷால என் ஃபுட்டேஜ்ல பாதி ஃப்ரேம் வெள்ளைப் பட்டை. அதை யார்கிட்ட கேக்குறது?

மதுரை_மேடை: உங்க லைட் பாய் என் ஸ்டாண்டைக் காலால தட்டி விட்டானே, அதை நான் யார்கிட்ட கேக்குறது?

வீடியோ_அண்ணன்: மணல் மூட்டை கூட வைக்காம பூ டெக்கரேஷனுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சா தட்டத்தான் செய்யும். அவன் என் ஆளும் இல்ல.

கும்பகோணம்_கிளிக்: வாட் செகண்ட் கேட்டேன், இன்னும் பதில் வரல.

மதுரை_மேடை: எந்த ஃபிளாஷா இருந்தா என்ன? 1/16-ன்னா பதினாறுல ஒண்ணு. அஞ்சாம் கிளாஸ் கணக்கு.

கும்பகோணம்_கிளிக்: லட்சத்துல பதினாறுல ஒண்ணும் ஆயிரத்துல பதினாறுல ஒண்ணும் சமமா? அட்வான்ஸ் வாங்கும்போது இப்படித்தான் கணக்கு போடுவீங்களா?

மதுரை_மேடை: அட்வான்ஸைப் பத்தி நீங்க பேசக் கூடாது. போன முகூர்த்தத்துல என் ஏடி200 பேட்டரி ரெண்டை வாங்கிட்டுப் போனது யாரு?

புதுப்பையன்: ஷட்டர் 1/200 வச்சா எல்இடி வால்ல கோடு கோடா விழுதே, யாராவது சொல்லுங்களேன்?

வீடியோ_அண்ணன்: ஷட்டரை 1/100-க்கோ அதுக்குக் கீழயோ இறக்கிப் பாரு. இவங்க சொல்ல மாட்டாங்க.

கும்பகோணம்_கிளிக்: நீங்க குடுத்த ரெண்டு பேட்டரில ஒண்ணு வீங்கிப் போய் இருந்துச்சு. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இங்கயே போடவா?

மதுரை_மேடை: போடுங்க. போடுறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கொரியர்ல போடுங்க.