உயர்தரம் முடித்த கையோடு வெளிநாடா? மலையகப் பிள்ளைகளும் புலமைப்பரிசில்களும்

கொட்டகலை ஆசிரியர்:
பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியானதும் இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் பதாகைகள் தொங்கத் தொடங்கிவிட்டன: ஐம்பது வீதப் புலமைப்பரிசிலுடன் வெளிநாட்டுப் பட்டம். பெற்றோர் அந்தத் துண்டுப்பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறார்கள். அது புலமைப்பரிசில் அல்ல, கட்டணக் கழிவு, அதாவது தள்ளுபடி. மீதி ஐம்பது வீதம், தங்குமிடம், சாப்பாடு, விசாவுக்குக் காட்ட வேண்டிய வங்கி இருப்பு எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழும். ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை. ஆனாலும் மாணவர் விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) வைத்துக் காட்டச் சொல்கிறார்கள். நமது பணத்தில் அது நாற்பது இலட்சத்தை ஒட்டிய தொகை. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு 2024 இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அதைச் சேர்க்க ஏறத்தாழ 3000 நாள் பேர் விழ வேண்டும், அதாவது அத்தனை நாள் வேலை செய்து சம்பளம் பதிய வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். முதற்பட்டத்தை இங்கேயே இலவசமாக முடிக்கட்டும். வெளிநாட்டை முதுமாணிக்கு, அதாவது அடுத்த பட்டத்துக்கு, வைத்துக்கொள்ளட்டும்.

பதுளை மாணவி:
சேர், கழிவைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "இங்கேயே இலவசமாக" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! இலவசக் கல்வி 1945 இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் எழுபதுகளில்தான் அரசின் கைக்கு வந்தன. அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. தோட்டப் பகுதிகளில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரம் வரை உள்ள பாடசாலைகள் எத்தனை? பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளையும் நுவரெலியாவும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் கோட்டா மாவட்டத்துக்குத்தான், தோட்டத்துக்கு இல்லை. நகரத்துப் பாடசாலைப் பிள்ளையும் நானும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) போட்டி போடுகிறோம்.

இந்திய அரசின் புலமைப்பரிசிலை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? நேரு நினைவுத் திட்டம் முதற்பட்டத்துக்கும் உண்டு. கல்விக் கட்டணத்துடன் மாதாந்த உதவித்தொகையும் தருகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தவறவிட்ட பிள்ளைக்கு அதுவும் ஒரு கதவு.

லிந்துலைத் தகப்பன்:
மகள், மருத்துவம் அந்தத் திட்டத்தில் சேராது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பெற்றோர் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளை அங்கே முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும் என்பதும் சின்ன விஷயமல்ல.

எனக்குப் பெரிய கவலை வேறு. போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. எங்கள் தோட்டத்துக்கு ஒரு டாக்டரும் கணித ஆசிரியரும் எப்போது வருவார்கள்?

பேராதனைப் பட்டதாரி:
அண்ணா, திரும்பி வரவேண்டும் என்ற கவலைக்குச் சில திட்டங்களிலேயே விடை இருக்கிறது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் பெற்றவர் படிப்பு முடிந்து சொந்த நாட்டில் குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஓராண்டு முதுமாணி, முழுச் செலவும் அவர்களுடையது. 2800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறார்கள், சம்பளமில்லாத தொண்டு வேலையும் அதில் சேரும். மாலை வகுப்பில் இலவசமாகப் படிப்பிக்கும் நம் பிள்ளைகள் அதைக் கணக்கில் எழுதுவதே இல்லை! பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு, உதவியின்றிப் பிரித்தானியாவில் படிக்க வசதியில்லாதவராக இருப்பதும் ஒரு தகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணிப் புலமைப்பரிசில் மாதம் 1400 யூரோ தருகிறது, திரும்பும் நிபந்தனை இல்லை. இவை எல்லாம் பட்டதாரிகளுக்கு. அந்த வகையில் நான் சேரின் பக்கம்.

நானும் முழுப் புலமைப்பரிசிலில் போய்ப் படித்துத் திரும்பியவள். என்னை வாட்டியது ஆங்கிலத்தைவிடக் கடதாசிகள்தான். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அவரது அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, என் சாதாரண தரச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. பிறப்புப் பதிவு சிங்களத்தில் இருந்ததால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஓடினேன். அவர் எழுத்துக்கு எழுத்து பெயர்த்ததில் நான்காவது பெயர் பிறந்தது. திருத்தம் கையில் வர மாதக்கணக்காயிற்று. கடைசித் திகதியோ யாருக்காகவும் காத்திருக்காது. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

பதுளை மாணவி:
அக்கா, கடதாசி விஷயம் பொன்னான தகவல். இன்றே அம்மாவிடம் சொல்கிறேன். ஆனால் திரும்பி வருவதைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கொழும்பில் ஒரு பிள்ளை வெளிநாடு போனால் பெருமை. தோட்டத்துப் பிள்ளை போனால் மட்டும் எல்லோரும் கடனை நினைவூட்டுகிறீர்கள். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த நாடு 2003 வரை இழுத்தடித்துத்தான் மிச்சப் பேருக்கும் கொடுத்தது. அந்தக் கணக்கை என் தலையில் கட்டாதீர்கள்.

லிந்துலைத் தகப்பன்:
உங்களைக் கடன்காரி என்று நான் சொல்லவில்லை, மகள். லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) இருந்து உங்களைப் படிக்க வைத்த அம்மாவைத்தான் நினைத்தேன். போய் வருகிறவர் வந்தால் அடுத்த பிள்ளைக்கு வழிகாட்ட ஆள் கிடைக்கும். அதைக் கேட்பது தப்பா?

கொட்டகலை ஆசிரியர்:
தப்பில்லை, ஆனால் அதை நிபந்தனையாக்க நமக்கு உரிமையில்லை. அந்த இடத்தில் மாணவி சொல்வதே சரி. மற்றதில் நான் மாறவில்லை. இந்தியத் திட்டம் உண்மையான முழு உதவி. அதற்கு விண்ணப்பிக்கட்டும், நானே பரிந்துரைக் கடிதம் தருகிறேன். அதே நாட்களில் உள்நாட்டு அனுமதிக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்றை நம்பி மற்றதைக் கைவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு வருடம் வீணாவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த சேமலாப நிதியை உடைத்தும் நகையை அடகு வைத்தும் கட்டணக் கழிவுக்கு ஓடுவதை மட்டும் எந்த மேடையிலும் எதிர்ப்பேன்.

பதுளை மாணவி:
இரண்டையும் நிரப்புகிறேன், சேர். எது முதலில் கிடைக்கிறதோ அதற்குப் போவேன். இந்தியா கிடைத்து, இங்கே பேராதனைப் பல்கலைக்கழகமும் கிடைத்தால் எனக்கு இந்தியாதான். அதில் உங்களோடு உடன்பட மாட்டேன்.

பேராதனைப் பட்டதாரி:
தங்கச்சி, பிறப்புச் சான்றிதழின் படத்தைத் தனிமடலில் அனுப்புங்கள், பெயர்களை ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன். பொது இடத்தில் போடாதீர்கள்.