அடிபட்டபின் வரும் வளர்ச்சிக்கு ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

பெங்களூரு அல்சூரில் பிசியோவாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிக் கபடி, ஓட்டம் என்று பயிற்சி எடுக்கும் பிள்ளைகள். முட்டி ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால் களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும். அந்த ஒன்பது மாதம் மனசுக்கு என்ன ஆகிறது என்று 12 பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன். ரெகவரிக்கு மீட்சி, ரெசிலியன்ஸுக்கு மீள்திறன் என்று தமிழ்ச் சொற்கள் கிடைத்துவிட்டன. போஸ்ட் ட்ராமாட்டிக் க்ரோத், அதாவது பெரிய அடிக்குப் பின் மனசில் வரும் வளர்ச்சி, என்பதில்தான் சொல் கிடைக்காமல் நின்றுபோனேன். டெடஸ்கி, கல்ஹூன் என்ற உளவியலாளர்கள் 1996இல் இதற்கு 21 கூற்றுகள் கொண்ட அளவுகோலே வெளியிட்டார்கள். பிறரோடு நெருக்கம், புது வழிகள், தன் பலம், ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை என்று ஐந்து பக்கமாக அளக்கிறது அது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி போய் ஸ்ட்ரெச்சரில் வெளியேறி, 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினாரே, அதற்கு மீட்சி போதும். நான் தேடுவது களத்துக்குத் திரும்பவே முடியாத பிள்ளைக்கும் வரக்கூடிய ஒன்று. ‘காய வளர்ச்சி’ என்று எழுதிக் காட்டினேன். ஒரு பெண் படித்துவிட்டு, “அக்கா, காயம் இன்னும் பெருசாகுமா?” என்று கேட்டாள்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து

அம்மா, சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உரியியலில் விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை மூன்றும் பொருளாக வருகின்றன. ஒரே சொல்லுக்குள் துன்பமும் சிறப்பும்! விழுப்புண், அதாவது போரில் முகத்திலும் மார்பிலும் வாங்கும் புண், படாத நாளையெல்லாம் வீண்நாளாக வீரன் கழித்துவிடுவான் என்று வள்ளுவர் சொல்லும் 776ஆம் குறளிலும் இந்த ‘விழு’தான். விழுமியம் இதன் கிளை. விழு, விழுது, விழுமம் மூன்றும் ஒரே வேர் என்று நாற்பது ஆண்டாக வகுப்பில் சொல்லி வந்தேன். ஆலம் விழுது கீழே இறங்கி மண்ணில் ஊன்றித்தானே பிறகு மரத்தைத் தாங்குகிறது. 2002இல் ஆண்டிகுவாவில் உடைந்த தாடையோடு கட்டுப் போட்டுக்கொண்டு பந்து வீசி லாராவை வீழ்த்தினாரே நம் ஊர் கும்ப்ளே, அது விழுமம். காயம் என்று மட்டும் எழுதாதீர்கள். சித்தர் பாட்டில் காயம் உடம்பு, அடுக்களையில் பெருங்காயம்.

கோரமங்களாவிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். கன்னடத்திலும் காய என்றுதான் சொல்கிறார்கள். இந்த ஊரில் பயிற்சியாளருக்கும் பிள்ளைக்கும் ஒருசேரப் புரிகிற சொல்லை ஏன் தள்ள வேண்டும்? விழுமம் என்றால் பையன்கள் காதில் ‘விழு’ மட்டும்தான் கேட்கும். முட்டி போனவனிடம் போய் அதைச் சொல்லலாமா? விழுதும் விழுமமும் ஒரே வேர் என்பதையும் சான்று இல்லாமல் என்னால் ஏற்க முடியவில்லை, மன்னியுங்கள். நம்மிடம்தான் பட்டறிவு இருக்கிறதே. பட்டு அறிந்தது பட்டறிவு, பட்டு உயர்ந்தது பட்டுயர்வு. சரிதானே?

மல்லேஸ்வரத்திலிருந்து

பட்டுயர்வு என்றால் சிக்பேட்டை சேலைக்கடையில் விலை ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தம்பி பிடித்த நூல் நல்ல நூல்.

எனக்கு வேற்றுமை உருபுதான் கவலை. ‘காயத்தால் வளர்ச்சி’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அந்த ‘ஆல்’ பெருமை முழுவதையும் காயத்துக்குக் கொடுத்துவிடும். டெடஸ்கியும் கல்ஹூனும் சொல்வதே, வளர்ச்சி அடியிலிருந்து வருவதில்லை, அடியோடு மல்லுக்கட்டுவதிலிருந்து வருகிறது என்பதுதான். ‘காய வளர்ச்சி’ என்று தொகையாக்கினால் உருபு மறைந்துபோய் ஆளுக்கொரு விதமாக விரிப்பார்கள், அந்தப் பெண் விரித்தது போல. பட்டறிவில் அந்தச் சிக்கல் இல்லை. பட்டு வினையெச்சம், பட்டவனேதான் அறிகிறான், காயம் எழுவாயாக வர அங்கே இடம் இல்லை. வளர்ச்சியும் வேண்டாம், ஸ்கேன் பார்த்துவிட்டு ‘உள்ளே ஒரு வளர்ச்சி இருக்கு’ என்றால் நம் வீடுகளில் கட்டி என்று பயப்படுகிறார்கள். என் ஓட்டு பட்டுமுதிர்ச்சிக்கு.

கோரமங்களாவிலிருந்து

முதிர்ச்சி எனக்கும் சம்மதம். மூன்று நாளாக இதே பேச்சு, இத்தோடு அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள் அக்கா.

அல்சூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கும்ப்ளேமேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கட்டுப் போட்ட படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் வலியைச் சொல்லாமல் மறைத்து ஆடி, பாதி கிழிந்த ஜவ்வை முழுசாகக் கிழித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். காயம் படாத நாள் வீண் என்று ஒரு பிள்ளையிடமும் என்னால் சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு 17 வயதுப் பையன், நல்ல ரெய்டர், ஏழாவது மாதத்தில் மைதானத்து ஓரம் உட்கார்ந்து சின்னப் பையன்களுக்குக் கால் வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். “முன்னாடி நான் யார்கிட்டயும் பேசவே மாட்டேன்க்கா” என்றான். எனக்கு வேண்டிய சொல் இதற்கு.

அதே மாதத்தில் இன்னொருவன் ஒன்றும் வேண்டாம் என்று ஊருக்குப் போய்விட்டான். அவனும் இந்தக் கையேட்டைப் படிப்பான். இது தனக்கு வரவில்லையே, தான் தோற்றுவிட்டோம் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. அதனால் தலைப்பில் போடவில்லை. ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு முறை பட்டுமுதிர்ச்சி, மற்ற இடமெல்லாம் ‘அடிபட்டபின் சிலருக்கு வரும் முதிர்ச்சி’. நீளம்தான், அந்த ‘சிலருக்கு’ எனக்கு வேண்டும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து

அம்மா, மறைத்து ஆடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னபின் கும்ப்ளேயைத் திரும்பப் பெறுகிறேன். விழுமத்தை விடவில்லை. முதிர்வதில் பழுப்பதும் உண்டு, வாடி உதிர்வதும் உண்டு. 17 வயதுக்கு அது பொருந்துமா? அச்சுக்குக் கொடுங்கள், அடுத்த பதிப்புக்குள் பேசிக்கொள்ளலாம். கோரமங்களாத் தம்பி விழுதுக்குச் சான்று கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தனி மடலில் எழுதுகிறேன்.