அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர்: பொருத்தியவர்கள், பொருத்தாதவர்களின் அனுபவங்கள்

வேளச்சேரி உறுப்பினர்:

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்ச் செலவு நெடுங்காலமாகச் சதுர அடிக் கணக்கில்தான் பிரிக்கப்பட்டு வந்தது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, பணம் கொடுத்தும் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்க நேர்ந்தபோது, இருவர் வசிக்கும் வீடும் அறுவர் வசிக்கும் வீடும் ஒரே தொகையைக் கட்டுவது முறையா என்ற கேள்வி சங்கக் கூட்டத்தில் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால், மீட்டர் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்துவதற்கு முன்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை குழாய்கள் வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

பழைய கட்டடங்கள் பலவற்றைப் போலவே எங்களுடையதிலும், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று, துணி துவைக்கும் இடத்துக்கு ஒன்று எனத் தனித்தனிக் குழாய்கள் இறங்கி, வழியிலுள்ள எல்லாத் தளங்களுக்கும் கிளை பிரிகின்றன. ஆகவே, ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று போட்ட கணக்கு நான்கு மீட்டராகிவிட்டது. சோதனைக்காக ஒரு வீட்டில் பொருத்திய மீட்டரைச் சில மாதங்கள் கழித்துப் பிளம்பர் கழற்றிக் காட்டினார். அதன் உள்வாய்ச் சல்லடையில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாக இறுகி, இடையிடையே மணலும் சிக்கியிருந்தது. சுழலும் பாகமே இல்லாமல் ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டரில் இந்தத் தொல்லை குறைவு என்றாலும், அதன் விலையை நான்கால் பெருக்கிப் பார்த்தபோது பலரும் தயங்கினார்கள். மேல்தளத்தில் இருப்பவர்களின் கவலை வேறு: தொட்டிக்கு மிக அருகில் இருப்பதால் அவர்களுக்கு நீரழுத்தம் ஏற்கெனவே குறைவு, மீட்டர் அதை மேலும் குறைக்கும்.

பழைய மகாபலிபுரம் சாலை உறுப்பினர்:

எங்கள் கட்டடம் புதியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே இணைப்பு என்பதால் குடிவரும்போதே மீட்டர் இருந்தது. நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புறக் குடிநீர் வழங்கல் அளவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். நால்வர் குடும்பத்துக்கு அது மாதம் ஏறத்தாழ 16,000 லிட்டர். அதற்கு மேல் போனால் கட்டணம் படிப்படியாக உயரும். மோட்டார் மின்சாரம், தொட்டி சுத்தம் செய்தல் போன்றவை வீடு பூட்டிக் கிடந்தாலும் ஆகிற செலவுகள் ஆதலால், அவற்றைத் தனி நிலைக்கட்டணமாக வைத்திருக்கிறோம்.

முதல் மாதங்களில் கூடுதல் அளவு காட்டிய ஒரு வீட்டில் வயதான தம்பதியர் இருவர் மட்டுமே வசிக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு சிக்கனமானவர்கள் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால், எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டரைப் பார்த்தோம். முகப்பிலுள்ள சிறிய சிவப்புச் சக்கரம் மெதுவாகச் சுழன்றுகொண்டே இருந்தது. ஃபிளஷ் தொட்டியின் வால்வு தேய்ந்து, ஓசையே இல்லாமல் தண்ணீர் கழிவறைக்குள் வழிந்துகொண்டிருந்தது. வால்வை மாற்றியதும் அளவு இறங்கிவிட்டது. யார் எவ்வளவு செலவழிக்கிறார் என்று காட்டுவதைவிட, இப்படிப்பட்ட கசிவுகளைக் காட்டிக்கொடுப்பதே மீட்டரின் பெரும்பயன் என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தொட்டி வற்றி மீண்டும் நிரம்பும்போது குழாயிலுள்ள காற்றும் மீட்டரைச் சுழற்றும். அத்தகைய மாதத்தின் அளவை வைத்து யாரையும் குறை சொல்லாதீர்கள்.

வேளச்சேரி உறுப்பினர்:

மிக்க நன்றி. எங்கள் சங்கத்தில் வீட்டு மீட்டரைத் தற்போதைக்கு ஒத்திவைத்து, லாரித் தண்ணீர் இறங்கும் குழாயிலும் மொட்டை மாடித் தொட்டிகளின் வெளிவாயிலிலும் மட்டும் மீட்டர் வைக்க முடிவு செய்திருக்கிறோம். வாங்கும் தண்ணீர் முழு அளவில் வருகிறதா என்பதும், எந்தத் தொட்டியின் வரிசையில் இரவிலும் நீர் ஓடுகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். துருப்பிடித்த பழைய குழாய்களை எப்படியும் மாற்றியாக வேண்டும். அந்த வேலை வரும்போது வீட்டுக்கு ஒரே இணைப்பாக அமைத்து, அப்போது மீட்டரைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதில் பெரும்பாலானோர் உடன்பட்டிருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களின் மீட்டர் கட்டணத்தை உரிமையாளரிடம் வாங்குவதா, குடியிருப்பவரிடம் வாங்குவதா என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.