ராணுவ அதிகாரியாக இருந்த தந்தையின் வாழ்க்கையை எழுதுவது எப்படி?

கேள்வி:
லெப்டினன்டாகச் சேர்ந்து லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்ற என் தந்தை அண்மையில் காலமானார். பேரப்பிள்ளைகள் படிப்பதற்காக அவருடைய வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதிவைக்க விரும்புகிறேன். வீட்டில் இருந்த அப்பாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன்: இரவு எந்நேரம் வந்தாலும் எங்கள் போர்வையைச் சரிசெய்துவிட்டுத்தான் படுப்பார், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கையில் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. பணியில் இருந்த அப்பாவை எழுத உட்கார்ந்தாலோ பதவிகளும் ஆண்டுகளும் மட்டுமே வருகின்றன. அவரும் அதைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. ஒரு பதக்கப் பெட்டி, சில குழுப் படங்கள், ஓய்வுச் சான்றிதழ் ஆகியவையே கையில் உள்ளன. இவற்றைக் கொண்டு என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். நானும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பதவிப் பெயர்களை அவருடைய பொறுப்பில் இருந்த மனிதர்களின் எண்ணிக்கையாகப் படித்துப் பாருங்கள். இளம் லெப்டினன்டிடம் ஒப்படைக்கப்படும் பிளாட்டூனில் ஏறத்தாழ 30 பேர் இருப்பார்கள். கேப்டன் அல்லது மேஜர் நடத்தும் கம்பெனியில் நூறு பேருக்கு மேல். லெப்டினன்ட் கர்னல் தலைமை ஏற்கும் பட்டாலியனில் பல நூறு பேர். அவர்களுடைய விடுப்பு, உடல்நலம், வீட்டிலிருந்து வரும் துயரச் செய்தி எல்லாம் அந்த அதிகாரியிடம்தான் வந்து சேரும். ஆகவே அவருடைய மேலதிகாரிகளைவிட, அவருக்குக் கீழே பணியாற்றியவர்களைத் தேடிப் பேசுங்கள். அதிகாரி எப்படிப்பட்டவர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ரெஜிமென்டின் முன்னாள் படைவீரர் சங்கம் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு வேண்டுகோள்: அவர் சொல்லாத போர்க்களக் காட்சிகளை நீங்களாகக் கற்பனை செய்து சேர்க்காதீர்கள். அவருடைய மௌனமும் அவருடையதுதான்.

மறுமொழி 2:
நான் ஓர் அதிகாரியின் மகள். குழுப் படங்களின் பின்புறத்தை முதலில் பாருங்கள். பெயரோ இடமோ தேதியோ பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். பதக்கங்களின் விளிம்பையும் பின்புறத்தையும் கவனியுங்கள். ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் பதக்கம் இருந்தால், ஒவ்வொரு பணிக்கும் நாடாவின் நிற அமைப்பு வேறு என்பதால், எந்த நாட்டில் இருந்தார் என்பதை அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சைப்ரஸுக்கு 1964இலும் லெபனானுக்கு 1978இலும் அந்தப் படை அனுப்பப்பட்டது. பிறகு உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். எத்தனை வீடுகள் மாறினீர்கள், எந்தப் பிரசவத்தின்போது அப்பா உடன் இல்லை என்ற கணக்கெல்லாம் அவரிடம் இருக்கும், அதுவும் பணிப்பதிவேடுதான்.

மறுமொழி 3:
அரசுக் கோப்பில் எல்லாம் இருக்கும், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பகுதியில் இருந்த ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்ததில், 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் போயிற்று. அவற்றுக்கு நகலும் இல்லை. விண்ணப்பத்தை இன்றே அனுப்பலாம், ஆனால் அதற்குப் பதில் வரும்வரை அவருடைய நண்பர்களோடு பேசாமல் காத்திருக்க வேண்டாம், அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பெட்டியில் இருந்த ஒரு பதக்கத்தின் பின்புறத்தில் ‘அமைதியின் பணியில்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. நாடாவை ஒப்பிட்டுப் பார்த்ததில் அது சைப்ரஸ் பணிக்குரியது. அம்மாவிடம் காட்டியபோது, அந்தப் பணியில் அப்பா இருந்தபோதுதான் தங்கை பிறந்தாள் என்றும், அவளை அவர் முதன்முதலில் தூக்கியபோது அவளுக்கு ஏழு மாதம் என்றும், புது ஆளைக் கண்டு அவள் அழுததால் அவள் பழகும்வரை பல நாள் சற்றுத் தள்ளியே தரையில் உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எங்கள் இருவருக்குமே இது தெரியாது. முதல் பக்கத்தை அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.