துப்பாக்கியில் டார்ச் மாட்டலாமா? டெக்ஸஸ் பிளேனோவில் ஒரு தெருக் குழுவின் இரவுப் பேச்சு

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். போன வாரம் பின் தெருவில் பின்கதவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து ரம்யா சரியாகத் தூங்குவதே இல்லை. கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறேன். அதன் அடியில் மாட்டுகிற டார்ச் வாங்கலாமா? ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-1 எச்எல் என்று ஒன்றைக் கடையில் காட்டினார்கள், 1000 லூமன் வெளிச்சமாம். வீட்டுக் காவலுக்கு இது இல்லாமல் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்கிறார் கடைக்காரர்.

செந்தில் அண்ணா: வாங்கு தம்பி, நல்ல மாடல்தான். என்னுடையதிலும் மாட்டியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் ஆள் நடமாட்டம் கேட்டால், அது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையா என்று தெரியாமல் ட்ரிகரில் விரல் போகவே கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு கையும் சும்மா இருக்காது, பாப்பாவைத் தூக்கியிருப்பாய், இல்லை போலீஸை அழைக்க 911-க்குப் போன் பிடித்திருப்பாய். டார்ச் துப்பாக்கியிலேயே இருந்தால் ஒரு கை போதும்.

விஜய்: அண்ணா, நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். நானும் ஒன்று வாங்க முடியுமா?

செந்தில் அண்ணா: முடியாது விஜய். வாங்குவது மட்டுமில்லை, கையில் வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதே, கிரீன் கார்டு விண்ணப்பமே போய்விடும்.

மீனா அக்கா: செந்தில், வெளிச்சம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அதைத் துப்பாக்கியில் கட்டுவதுதான் பயமாக இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதன் மேல் துப்பாக்கியை நீட்டித்தானே பார்க்க வேண்டியிருக்கும்? கார்த்தி, அடுத்த மாதம் உன் அப்பா மதுரையிலிருந்து வருகிறார் இல்லையா. முதல் ஒரு வாரம் ஜெட்லாக்கில் விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார், நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். எந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாது, மகனை எழுப்பவும் மனசு வராது, இருட்டிலேயே சமையலறைப் பக்கம் தடவிக்கொண்டு போவார். நீ டார்ச்சைப் போட்டு 'அட, அப்பா' என்று தெரிந்துகொள்ளும்போது குண்டு போட்ட துப்பாக்கி அவர் நெஞ்சுக்கு நேராக இருக்கும்.

கார்த்தி: அக்கா, இப்படி நான் யோசிக்கவே இல்லை.

பாலு அங்கிள்: பயம் வீண் பயமும் இல்லையம்மா. ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு பெண் ஆள் வைத்து, இந்தியர்கள், மற்ற ஆசியர்கள் வீடாகப் பார்த்து, ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்ஸஸ் என்று கொள்ளையடித்த வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 2011-லிருந்து 2014 வரை நடந்தது. ஆட்கள் வீட்டுக்குள் இருக்கும்போதே புகுந்து, பிள்ளைகளையும் கட்டிப்போட்டார்கள். 2019-ல் அவளுக்கு 37 வருஷம் சிறை கொடுத்தார்கள். நம் வீடுகளில் தங்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

செந்தில் அண்ணா: மீனா அக்கா சொல்வது நியாயமான பயம், அதற்குப் பழக்கம் இருக்கிறது. 1000 லூமன் என்பது சின்ன வெளிச்சம் இல்லை. நம் வீடுகளில் சுவரும் சீலிங்கும் வெள்ளை, துப்பாக்கியைத் தரையைப் பார்த்துப் பிடித்து டார்ச்சைப் போட்டாலே அறை முழுக்கத் தெரியும், ஆள் முகமும் தெரியும். நேராக நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். எதிரே நிலைக்கண்ணாடி இருந்தால் மட்டும் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், அதையும் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீனா அக்கா: வகுப்பில் சரி. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது கை தாழ்ந்தே இருக்குமா? நம் பிளேனோவிலேயே 2010-ல் நடந்ததைச் சொல்கிறேன். போதைப்பொருள் சோதனைக்குப் போன ஒரு போலீஸ்காரர், துப்பாக்கியிலிருந்த டார்ச் ஸ்விட்சை அழுத்தப் போனவர் ட்ரிகரையும் அழுத்திவிட்டார், எதிரே இருந்த இளைஞர் இறந்துபோனார். ஸ்விட்ச் கைப்பிடியில், ட்ரிகருக்குக் கீழேயே இருந்தது. பதற்றத்தில் ஒரு விரலை இறுக்கினால் பக்கத்து விரலும் சேர்ந்து இறுகும், இது கையின் இயல்பு. பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே இப்படி என்றால் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கே போகாத கார்த்திக்கு?

செந்தில் அண்ணா: அந்த வகை ஸ்விட்ச் வேறு. கைப்பிடியில் ஒட்டுகிற அழுத்து ஸ்விட்சை நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இந்த டிஎல்ஆர்-1, இதே மாதிரி வேறு கம்பெனி டார்ச்சான ஷூர்ஃபயர் எக்ஸ்300 இரண்டிலும் ஸ்விட்ச் ட்ரிகர் வளையத்துக்கு முன்னால் இருக்கும், இடது கைக் கட்டைவிரலால் போடலாம், ட்ரிகர் விரலுக்கு அங்கே வேலையே இல்லை. கார்த்தி, வாங்கினால் இப்படி இருப்பதைப் பார்த்து வாங்கு.

மீனா அக்கா: ஒரு நிமிடம் செந்தில், இரண்டு கையும் சும்மா இருக்காது, ஒரு கை போதும் என்றுதானே அவனை வாங்கச் சொன்னீர்கள்? இடது கையில் குழந்தை இருந்தால் இடது கட்டைவிரல் எங்கே வரும்? ட்ரிகர் விரலைத்தானே நீட்டிப் போட வேண்டும்?

செந்தில் அண்ணா: ஆமாம் அக்கா, ஒற்றைக் கையில் அப்படித்தான். அதைப் பழகாதவர்கள் செய்யக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன்.

கார்த்தி: அப்போது தனி டார்ச்சை இடது கையில் பிடித்துக்கொண்டால்?

செந்தில் அண்ணா: அதற்கும் முறைகள் உண்டு. இரண்டு மணிக்கட்டையும் பின்பக்கமாகக் குறுக்கே சேர்த்துப் பிடிப்பது ஹாரிஸ் முறை. டார்ச்சை உடம்பை விட்டுத் தள்ளித் தூக்கிப் பிடிப்பது எஃப்பிஐ முறை, வெளிச்சத்தைக் குறிவைத்துச் சுட்டாலும் நம் மேல் படாது என்று. இரண்டிலும் சுடுவது ஒற்றைக் கையால் சுடுவது மாதிரிதான், கை ஆடும். புதிதாகப் பழகுபவனுக்குக் கஷ்டம் என்பது உண்மை.

மீனா அக்கா: சுடுவது கஷ்டமாகவே இருக்கட்டும், பார்ப்பது சுலபமாக இருந்தால் போதும். ராத்திரிச் சத்தம் கேட்டு எழுந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை நமக்கு வேண்டியது பார்வைதானே, தோட்டா இல்லையே? கைடார்ச் இருந்தால் யார் முகத்திலும் தைரியமாக அடிக்கலாம், அப்பாவாக இருந்தால் சிரித்துவிட்டுப் படுக்கப் போகலாம். 2023 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன் வீடு மாறி மணி அடித்தான், உள்ளே இருந்த 84 வயதுக்காரர் கண்ணாடிக் கதவு வழியாகவே சுட்டார். பிள்ளை பிழைத்தது பெரிய விஷயம். துப்பாக்கியை நீட்டிக்கொண்டே கதவுக்குப் போனால் எதிரே நிற்கிற யாரும் திருடனாகத்தான் தெரிவார்கள், நான் எமர்ஜென்சி வார்டில் வேலை பார்ப்பவள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாலு அங்கிள்: சுவரையும் யோசிக்க வேண்டும். உள்சுவர் எல்லாம் வெறும் ஜிப்சம் பலகை. 9 மிமீ குண்டு இரண்டு மூன்று சுவர் தாண்டிப் போகும். பிள்ளைகள் படுக்கிற அறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள் கார்த்தி.

செந்தில் அண்ணா: சரிதான் அங்கிள். மீனா அக்கா, கைடார்ச் கட்டாயம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், என் கட்டில் பக்கத்தில் அதுதான் முதலில் இருக்கிறது. துப்பாக்கியில் இருப்பது அதற்கு மாற்று இல்லை. ஆனால் உள்ளே வந்தவன் திருடன் என்று தெரிந்துவிட்ட பிறகு அது இருப்பது நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

மீனா அக்கா: அந்த இடத்தில் நான் உங்களோடு சண்டை போடவில்லை. வாங்கியதும் முதல் வேலையாக இதை மாட்டாதே என்றுதான் கார்த்திக்குச் சொல்கிறேன்.

ரம்யா: நான் இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஹாலிலும் மாடிப்படியிலும் தானாக எரிகிற நைட் லைட் நாளைக்கே வாங்கி மாட்டப் போகிறேன், நகை திங்கட்கிழமை பேங்க் லாக்கருக்குப் போகிறது. சத்தம் கேட்டால் கார்த்தி கீழே இறங்கிப் போய்த் தேடக் கூடாது, பிள்ளைகளை எங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு கதவைப் பூட்டிவிட்டு 911 அடிக்க வேண்டும். இது என் முடிவு.

செந்தில் அண்ணா: ரொம்பச் சரி தங்கச்சி. வீட்டைச் சோதிக்கிற வேலை போலீஸுக்கு. அவர்கள் வரும்போது கையில் துப்பாக்கியோடு நிற்காதே கார்த்தி, வீட்டுக்காரன் யார், வந்தவன் யார் என்று அவர்களுக்கும் இருட்டில் தெரியாது. அப்புறம், துப்பாக்கி பூட்டுப் பெட்டியில்தானே இருக்கிறது?

கார்த்தி: அலமாரி மேல்தட்டில் இருக்கிறது அண்ணா.

செந்தில் அண்ணா: அது கூடாது தம்பி. குண்டு போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குப் போய்விட்டால் டெக்ஸஸில் அதுவே குற்றம். விரல்ரேகை அல்லது நம்பர் போட்டுச் சட்டென்று திறக்கிற பெட்டி கிடைக்கிறது, டார்ச்சுக்கு வைத்திருக்கும் 150 டாலரை முதலில் அதற்குச் செலவு செய். அப்பா விசிட்டர் விசாவில் வருகிறார், அவர் கையிலும் படக் கூடாது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்ஸஸில் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகலாம் என்று ஆனதும் யாரும் வகுப்புக்கே வருவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். சனிக்கிழமை என்னோடு ரேஞ்சுக்கு வா.

மீனா அக்கா: அப்பா வந்த முதல் நாளே எல்லா ஸ்விட்சையும் காட்டிவிடு. ராத்திரி எழுந்தால் லைட்டைப் போட்டுவிட்டு நடக்கச் சொல், யார் தூக்கமும் கெடாது என்று சொல்.

கார்த்தி: சரி அக்கா, இன்றைக்கு அப்பாவிடம் பேசும்போதே சொல்கிறேன். டார்ச்சை இப்போதைக்கு வாங்கவில்லை. அண்ணா, சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

செந்தில் அண்ணா: காலை ஒன்பது. குண்டை எடுத்துவிட்டு, பெட்டியில் போட்டுக் கொண்டு வா.