யானை வருவது நாய்க்குத் தெரிகிறது, நமக்கு எப்படித் தெரியவைப்பது?

மிளகுக்கொடி:
தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குக் காப்பித் தோட்டம், ஊடே மிளகும் மலைவாழையும். வாழை தார் போட்டால் யானை வரும், இங்கே எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். கேட்க வந்தது வேறு. யானை மேல்காட்டிலிருந்து இறங்கினால் நாய் வெகுநேரம் முன்பே எழுந்துவிடுகிறது, குரைக்கக்கூட இல்லை, மூக்கைத் தூக்கிக்கொண்டு கால் மாற்றி மாற்றி நிற்கிறது, தொழுவத்தில் மாடு அசைபோடுவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தால் வாழை முறிகிற சத்தம் கேட்கும்வரை நாய் படுத்தே கிடக்கிறது. ஏன் இப்படி? தெர்மல் கேமரா வாங்கலாமா என்று அப்பா கேட்கிறார். பிரயோஜனம் உண்டா?

கூடலூர்வாசி:
காற்றுதான் காரணம். பகலில் வெயில் பட்டுச் சூடான காற்று சரிவில் மேலே ஏறும், பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் கனத்த குளிர்காற்று சரிவோடு கீழே வழியும். ராத்திரி மேலே நிற்கிற யானையின் வாடை நேராக உங்கள் வாசலுக்கு வருகிறது, ஓடையில் நிற்பதன் வாடை பள்ளத்தோடு போய்விடுகிறது. இதில் மோசம் என்னவென்றால், ஓடையில் நிற்கிற யானைக்கு உங்கள் வாழை வாடை போய்ச் சேரும், அதன் வாடை உங்களுக்கு வராது. மோப்பத்துக்கான மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 400, நாய்க்கு 800, ஆப்பிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2000 என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆசிய யானையும் மூக்கில் சளைத்ததில்லை.

ஒலிப்பதிவு:
யானைகள் தங்களுக்குள் பேசுவதில் பாதி நம் காதில் விழாமலே போகலாம், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது, அவற்றின் ஆழ்ந்த உறுமல் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை. 1984-ல் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்குப் பக்கத்தில் நின்றபோது, சத்தமே இல்லாமல் காற்று அதிர்வதை உணர்ந்தார், பிறகு அங்கே பதிவு செய்த ஒலிநாடாவை வேகமாக ஓட்டியதும் அவை ஒன்றுக்கொன்று குரல் கொடுப்பது கேட்டது. போன் மைக்கை நம்பி இதில் இறங்காதீர்கள், அவ்வளவு தாழ்ந்த ஒலியை அது ஒழுங்காக எடுக்காது.

இரவுக்காவல்:
தெர்மல் கேமராவுக்கு வருகிறேன். காப்பிச் செடியில் கிடக்கும் குழிவிரியனைப் பார்த்திருப்பீர்கள், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும். உள்ளே மெல்லிய சவ்வு, அதில் நரம்பு முனைகள், எதிரே எலி வந்தால் அதன் உடல்சூட்டில் சவ்வு துளி சூடாவதே அதற்குப் போதும். கேமராவும் அதே உடல்சூட்டைத்தான் வாங்குகிறது, அதைத் திரையில் நிறமாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஆனால் இலையை ஊடுருவிப் பார்க்காது, அடர்ந்த மூடுபனியிலும் தடுமாறும். கோவை மதுக்கரைப் பக்கம் ரயில் பாதையோரம் யானையைக் கண்டுபிடிக்க 2024-ல் கோபுரம் கட்டி இந்தக் கேமராவை வைத்திருக்கிறார்களே, அங்கே திறந்த வெளி. உங்களுடையது நிழல் மரமும் செடியுமாக அடைந்த தோட்டம். அந்தக் காசைப் போடவேண்டாம் என்றுதான் சொல்வேன். மேல்பக்கம் நாய் பார்த்துக்கொள்ளும். ஓடையில் யானை ஏறுகிற தடத்தில் பிஐஆர் சென்சார் ஒன்று வைத்து வீட்டுக்குள் மணி அடிக்கச் செய்யுங்கள், அதுவும் நகர்கிற சூட்டைத்தான் பிடிக்கும், விலை மிகக் குறைவு. மணி அடித்தால் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே மட்டும் போகாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

மிளகுக்கொடி:
காற்று விஷயம் சரியாகப் பொருந்துகிறது, ரொம்ப நன்றி. ஓடைக்கரையில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது, முதலில் அதை வெட்டுகிறோம். ஆனால் அந்த வழியில் காட்டுப்பன்றி தினமும் போகும், ராத்திரி முழுக்க மணி அடித்தால் அம்மா தூங்கமாட்டார்களே?

இரவுக்காவல்:
சென்சாரை ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள், லென்ஸில் கீழே பார்க்கிற பகுதியை இன்சுலேஷன் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பன்றி அடியில் போய்விடும், யானை தப்பாது. பகலில் பாறை சூடேறி வீண் மணி அடிக்கும், அதனால் சாயங்காலம் போட்டு விடிந்ததும் அணைத்துவிடுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஒரு தகரம் வையுங்கள்.